இன்சுலின் முறை மாறும்போது கவனிக்க வேண்டியவை

சிறு வயதில் சலரோகம் பிடித்து, பத்து, இருபது, முப்பது வருடங்களாக இன்சுலின் ஊசியோடு வாழ்கிறவர்கள் நம்மிடையே இருக்கின்றார்கள். இடம்பெயர்ந்து போன வழியிலும், முகாமில் உணவுக்கு வரிசையில் நின்ற காலத்திலும், பிறர் காணியில் கூலிக்கு நின்ற நாட்களிலும் அந்த ஊசியை விடாமல் போட்டு உயிரைக் காத்துக்கொண்டவர்கள் அவர்கள். காலையில் இத்தனை அலகு, மாலையில் இத்தனை அலகு என்பது அவர்களுக்குத் தங்கள் பெயரைப் போலப் பழகிப்போன ஒன்று.

இப்படிப்பட்ட ஒருவரிடம் கிளினிக்கில் வைத்தியர், "இனி முறையை மாற்றுவோம், நாளுக்கு நாலு ஊசி போடுவோம்" என்று சொன்னால் வீட்டில் பயம் வருகிறது. வருத்தம் முற்றிவிட்டதோ என்று தாய் கேட்கிறார். இரண்டு ஊசிக்கே உடம்பில் இடமில்லை, நாலு எதற்கு என்று மனைவி கேட்கிறார். சிலர் வைத்தியரிடம் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பழைய முறையையே தொடர்கிறார்கள். வேறு சிலர் புதிய மருந்தை வாங்கிப் பழைய அளவில் ஏற்றுகிறார்கள். இந்த இரண்டாவது செயல் உயிருக்கே ஆபத்தானது. முறை மாறும்போது உண்மையில் மாறுவது என்ன, முதல் இரண்டு மூன்று கிழமைகளில் வீட்டார் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறோம்.

முதலாம் வகைச் சலரோகம்

சலரோகம் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. நடுத்தர வயதில் தொடங்கி, உணவுக் கட்டுப்பாட்டாலும் குளிசையாலும் பல வருடங்கள் சமாளிக்கக்கூடியது இரண்டாம் வகை. முதலாம் வகை வேறு. இரைப்பைக்குப் பின்புறம் இருக்கும் சதையி என்ற உறுப்பில் இன்சுலினைச் சுரக்கும் கலங்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலோ இளமையிலோ இது தொடங்கும். இதற்குக் குளிசையோ கைமருந்தோ கசப்புச் சாறோ இன்சுலினுக்கு ஈடாகாது.

1922 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கனடாவின் ரொறன்ரோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அதற்கு முன்னர் இந்த வகைச் சலரோகம் வந்த பிள்ளைகள் பெரும்பாலும் சில மாதங்களிலோ ஓரிரு வருடங்களிலோ இறந்துபோனார்கள். ஆகவே முறை மாறினாலும் மாறாத ஒரு விதி உண்டு: முதலாம் வகைச் சலரோகம் உள்ளவர் இன்சுலினை முற்றாக நிறுத்தவே கூடாது.

வாய்க்காலும் துருசும்

நல்ல உடம்பில் இன்சுலின் இரண்டு விதமாகச் சுரக்கிறது. கமம் செய்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது எளிது. குளத்திலிருந்து வரும் வாய்க்காலில் இரவு பகலாகச் சிறிதளவு தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வயலுக்குப் பாய்ச்ச வேண்டிய நேரத்தில் துருசைத் திறந்து அதிக தண்ணீர் விடுகிறோம். உடம்பிலும் அப்படித்தான். நாம் சாப்பிடாமல் தூங்கும்போதும் ஈரல் சீனியை இரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கும். அதைக் கட்டுப்படுத்த ஓயாத சிறு ஓட்டமாக இன்சுலின் தேவை. சோறோ பிட்டோ பாணோ உண்ணும்போது துருசைத் திறந்தாற்போல் மேலதிக இன்சுலின் தேவை.

ஊசியால் இதைச் செய்வதற்குப் பல வகை இன்சுலின்கள் உள்ளன. கரையக்கூடிய இன்சுலின் என்பது துருசைப் போன்றது. ஏற்றி அரை மணித்தியாலத்தில் வேலை தொடங்கும். இரண்டு முதல் நாலு மணித்தியாலத்தில் உச்சத்துக்கு வரும். ஆறு முதல் எட்டு மணித்தியாலம் வரை நிற்கும். ஐசோபேன் இன்சுலின் மெதுவானது. ஒன்று அல்லது இரண்டு மணித்தியாலத்தில் தொடங்கி, நாலு முதல் பத்து மணித்தியாலத்துக்குள் உச்சம் கண்டு, அரை நாளும் அதற்கு மேலும் நிற்கும். 30க்கு 70 என்று குப்பியில் எழுதியிருக்கும் கலவை இன்சுலினில் 30 வீதம் கரையக்கூடியதும் 70 வீதம் ஐசோபேனும் சேர்ந்திருக்கும். நம்மில் பலர் வருடக்கணக்காகக் காலையும் மாலையும் போட்டு வருவது இந்தக் கலவையைத்தான்.

புதிய வகைகளும் உண்டு. லிஸ்புரோ, அஸ்பாட் என்பவை 10 முதல் 15 நிமிடத்தில் வேலை தொடங்கி மூன்று முதல் ஐந்து மணித்தியாலத்தில் முடிந்துவிடும். கிளார்ஜின் என்பது பெரிய உச்சமில்லாமல் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் நிற்கும்.

ஏன் மாற்றுகிறார்கள்?

காலை 6 மணிக்குக் கலவையை ஏற்றியவருக்கு அதிலுள்ள ஐசோபேன் நண்பகலளவில் உச்சத்துக்கு வரும். அந்த நேரத்தில் வயிற்றில் மதிய உணவு இருந்தே ஆகவேண்டும். வீட்டிலிருந்து நேரத்துக்குச் சாப்பிடுபவருக்கு இது சரிவரும். ஆனால் நாற்று நடவுக்கோ களை பிடுங்கவோ கூலிக்குப் போனவர் மதிய உணவை இரண்டு மணிக்குத்தான் காண்பார். நிவாரணத்தை நம்பியிருப்பவருக்கு உணவு வரும் நேரமும் அளவும் தன் கையில் இல்லை. ஊசியை ஏற்றிய பின் சாப்பாடு பிந்தினால் சீனி இறங்கிவிடும். இரண்டு ஊசி முறையில் ஊசி போகும் வழியில் மனிதன் போக வேண்டியிருக்கிறது.

நாலு ஊசி முறையில் துருசும் வாய்க்காலும் பிரிக்கப்படுகின்றன. இரவில் படுக்கும்போது ஐசோபேன் அல்லது கிளார்ஜின் ஓர் ஊசி, அது வாய்க்கால். மூன்று வேளை உணவுக்கும் மூன்று சிறிய ஊசிகள், அவை துருசு. மதிய உணவு இரண்டு மணிக்கென்றால் அந்த ஊசியும் அதற்கேற்பப் பிந்தும். ஒரு வேளை உணவே இல்லையென்றால் அந்த வேளை ஊசியும் இல்லை. இரவு ஊசி மட்டும் எந்த நாளும் தப்பக்கூடாது. நேரம் நிச்சயமில்லாத வாழ்க்கைக்கு இது பெரிய உதவி.

இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரை வருடக்கணக்காகப் பார்த்துச் செய்யப்பட்ட ஆய்வொன்றின் முடிவு 1993 இல் வெளியானது. நாளுக்கு மூன்று தடவையோ அதற்கு மேலோ ஊசி ஏற்றி, அல்லது இன்சுலின் பம்பு பாவித்து, சீனியை நெருங்கிக் கட்டுப்படுத்தியவர்களில், முன்பு கண் பாதிப்பு இல்லாதவர்களுக்கு அது வரும் ஆபத்து 76 வீதம் குறைந்தது. சிறுநீரக, நரம்புப் பாதிப்புகளும் வெகுவாகக் குறைந்தன. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. அப்படிக் கட்டுப்படுத்தியவர்களுக்குச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கியது மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. நன்மையும் ஆபத்தும் ஒரே கையில் வருகின்றன. ஆகவேதான் இந்த மாற்றத்தை அறிவோடு செய்ய வேண்டும்.

பழைய அளவு புதிய முறைக்கு ஆகாது

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவர் கலவை இன்சுலினைக் காலையில் 24 அலகும் மாலையில் 16 அலகும் போட்டு வந்தார் என்று வைப்போம். காலை 24 அலகில் கரையக்கூடிய இன்சுலின் 7 அலகளவே. மிகுதி 17 அலகும் மெதுவானது. இவர் புதிதாகக் கிடைத்த கரையக்கூடிய இன்சுலின் குப்பியிலிருந்து பழக்கத்தில் 24 அலகை இழுத்து ஏற்றினால், விரைவு இன்சுலின் மூன்று மடங்குக்கு மேல் போய்விடும். மத்தியானத்துக்கு முன்னரே அவர் மயங்கி விழக்கூடும்.

வைத்தியர் செய்வது வேறு கணக்கு. இவருடைய நாள் மொத்தம் 40 அலகு. மாற்றும்போது பாதுகாப்புக்காக அதில் 10 முதல் 20 வீதம் குறைப்பது வழக்கம். 20 வீதம் குறைத்தால் 32 அலகு. அதில் பாதியளவு, அதாவது 16 அலகு, இரவு ஊசிக்கு. மற்றப் 16 அலகும் மூன்று வேளைக்கும் 6, 5, 5 என்று பிரியும். பின்னர் பரிசோதனை முடிவுகளைப் பார்த்து ஒன்றிரண்டு அலகாகக் கூட்டுவார் அல்லது குறைப்பார். இந்தக் கணக்கை நீங்கள் வீட்டில் போட்டு ஊசி ஏற்றுவதற்காக இங்கே தரவில்லை. வயது, நிறை, சிறுநீரகத்தின் நிலை ஆகியவற்றைப் பொறுத்து ஆளுக்காள் இது மாறும். வைத்தியர் குறைந்த அளவைத் தரும்போது, "இவ்வளவு காலமும் 40 போட்ட எனக்கு இது போதாது" என்று எண்ணி நீங்களாகக் கூட்டாதிருக்கவே இதைச் சொல்கிறோம்.

குப்பியை வாசியுங்கள்

தெளிந்த இன்சுலின் விரைவானது, கலங்கிய இன்சுலின் மெதுவானது என்று பலர் கண்ணால் அடையாளம் வைத்திருக்கிறார்கள். முறை மாறும்போது இந்த அடையாளம் ஏமாற்றிவிடும். ஐசோபேனும் கலங்கலாக இருக்கும், கலவையும் கலங்கலாக இருக்கும். கிளார்ஜின் நாள் முழுவதும் நிற்கும் இன்சுலின், ஆனால் அது தண்ணீர் போலத் தெளிந்திருக்கும். இரவுக்குரிய கிளார்ஜின் என்று நினைத்துக் கரையக்கூடிய இன்சுலினை ஏற்றிவிட்டுப் படுத்தால் விளைவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே பெயரை வாசியுங்கள். கண்பார்வை மங்கியவர்கள் இரவுக்குரிய குப்பியில் ஒரு ரப்பர் பட்டியைச் சுற்றி வைத்தால் கையால் தடவியே அறியலாம். மாற்றம் முடிந்தவுடன் பழைய குப்பியை வீட்டில் வைத்திருக்காமல் கிளினிக்கில் கேட்டு ஒப்படைத்துவிடுங்கள்.

இந்தியாவில் அகதிகளாக இருந்து திரும்பிய குடும்பங்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். இந்தியாவில் ஒரு மில்லிலீற்றரில் 40 அலகு உள்ள குப்பிகள் பரவலாகப் பாவனையில் உள்ளன. இங்கே நாம் பாவிப்பது பெரும்பாலும் ஒரு மில்லிலீற்றரில் 100 அலகு உள்ள குப்பி. சிரிஞ்சும் அதற்கேற்ப வேறு. 40க்குரிய சிரிஞ்சின் மூடி வழக்கமாகச் சிவப்பு, 100க்குரியது செம்மஞ்சள். 40க்குரிய சிரிஞ்சை வைத்துக்கொண்டு 100 அலகுக் குப்பியிலிருந்து 20 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 20 அலகு அல்ல, 50 அலகு. மாறி நடந்தால், அதாவது 40 அலகுக் குப்பிக்கு 100க்குரிய சிரிஞ்சைப் பாவித்தால், 20 கோட்டில் 8 அலகுதான் இருக்கும். குப்பியில் எழுதியிருக்கும் எண்ணும் சிரிஞ்சில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் ஊசியை ஏற்றாமல் உடனே அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

முதல் மூன்று கிழமைகள்

புதிய முறையில் உடம்பு எப்படிப் பழகுகிறது என்பதை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். மூன்று வேளை உணவுக்கு முன்னும், படுக்கைக்கு முன்னும் பார்ப்பது நல்லது. பரிசோதனைப் பட்டி விலை கூடியது என்பது எமக்குத் தெரியும். எல்லா நேரமும் பார்க்க வசதியில்லாவிட்டால், எந்த நேரங்கள் முக்கியம் என்று வைத்தியரிடம் கேட்டு, ஒரு நாள் காலையும் இரவும், அடுத்த நாள் மதியமும் மாலையும் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். முடிவையும் ஊசி அளவையும் சாப்பிட்டதையும் செய்த வேலையையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கொப்பி இல்லாமல் வைத்தியரால் அளவைச் சரிசெய்ய முடியாது.

இரவு ஊசி ஐசோபேன் என்றால், முதற் கிழமையில் சில நாட்களாவது அதிகாலை 2 அல்லது 3 மணிக்கு ஒருவர் எழுந்து பார்க்க வேண்டும். அந்த நேரத்தில்தான் அது உச்சத்தை நெருங்கும். நித்திரையில் சீனி இறங்கினால் நோயாளிக்கே தெரியாமல் போகலாம். காலையில் தலையிடி, இரவில் நனைந்த உடுப்பு, கெட்ட கனவு ஆகியவை அதன் அடையாளங்களாக இருக்கலாம்.

உணவுக்கு முன் கரையக்கூடிய இன்சுலினை அரை மணித்தியாலம் முன்னதாக ஏற்றச் சொல்வார்கள். ஆனால் உணவு வரிசையில் நிற்பவர் அதை நம்பி ஏற்றக்கூடாது. சாப்பாடு கைக்கு வந்த பிறகே ஊசி. சீனி கூடியிருக்கிறது என்று கண்டவுடன் ஒரு மணித்தியாலத்தில் இன்னோர் ஊசியை ஏற்றாதீர்கள். முன்னையது இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்து கீழே தள்ளிவிடும்.

பழைய நோயாளிக்குரிய ஆபத்துகள்

புதிதாக வருத்தம் வந்தவருக்குச் சீனி இறங்கினால் வியர்வை, நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, பசி ஆகியவை முன்கூட்டியே எச்சரிக்கும். பல வருடங்கள் சென்றவருக்கு இந்த எச்சரிக்கை மங்கிப்போகும். அவர் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே தடுமாறுவார், காரணமின்றிக் கோபிப்பார், கதையில் தொடர்பில்லாமல் போகும். குடித்திருக்கிறார் என்று அயலவர் நினைப்பதும் உண்டு. ஆகவே வீட்டாரும் கூட வேலை செய்பவர்களும் இதை அறிந்திருக்க வேண்டும். நம்பிக்கை தரும் செய்தி ஒன்றும் உண்டு: சில கிழமைகள் சீனி இறங்காமல் கவனமாகப் பார்த்துக்கொண்டால், மங்கிய எச்சரிக்கை ஓரளவு திரும்பி வரக்கூடும்.

இரத்தச் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால், அல்லது பார்க்க வசதியின்றிச் சந்தேகம் வந்தாலே, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் பொறுத்துத் தெளிவில்லையென்றால் திரும்பவும் கொடுங்கள். தெளிந்ததும் ஏதாவது சாப்பிட வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வயலுக்குப் போகிறவர் மடியில் சீனிப் பொட்டலம் இல்லாமல் போகக்கூடாது. மண்வெட்டி பிடிக்கும் நாளிலும் சூடடிக்கும் நாளிலும் தசைகள் சீனியை அதிகம் இழுக்கும். அன்று இரவுகூடச் சீனி இறங்கலாம்.

வருடக்கணக்காக ஒரே இடத்தில் ஊசி போட்டால் அங்கே தோலுக்கடியில் கட்டியாகும். அந்த இடத்தில் நோவு குறைவு என்று பலர் அங்கேயே குத்துவார்கள். அங்கிருந்து இன்சுலின் ஒழுங்காக உடம்பில் சேராது. முறை மாறும்போது தாதியார் புதிய இடத்தைக் காட்டுவார். நல்ல தோலில் அதே அளவு கூடுதலாக வேலை செய்யும். ஆகவே கட்டி இருப்பதை முன்னதாகவே வைத்தியரிடம் சொல்லுங்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இன்சுலின் உடம்பில் நீண்ட நேரம் தங்கும் என்பதால் அளவு குறைய வேண்டிவரும். நீண்ட காலம் கூடியிருந்த சீனி திடீரெனக் குறையும்போது கண்ணின் விழித்திரையில் ஏற்கெனவே இருந்த பாதிப்பு சில காலம் கூடக்கூடும். எனவே மாற்றத்துக்கு முன் கண்ணைக் காட்டிவிடுவது நல்லது.

காய்ச்சல், வாந்தி வந்தால் சாப்பிடவில்லையே என்று எல்லா ஊசியையும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. இரவு ஊசி அப்போதும் தேவை. வாந்தி நிற்காவிட்டால், மூச்சு ஆழமாக வாங்கினால், வாயில் பழ வாடை வந்தால் ஒரு மணித்தியாலம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிரிட்ஜ் இல்லாத வீட்டில்

நாலு ஊசி முறையில் இரண்டு குப்பிகளைப் பேண வேண்டும். கென்யாவின் அகதி முகாமொன்றின் வெப்பநிலையை வைத்து எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் செய்த ஆய்வு 2021 இல் வெளியானது. 25 முதல் 37 பாகை வரை ஏறி இறங்கும் வெப்பத்தில் நாலு கிழமை வைத்திருந்த இன்சுலின் தன் வலுவை இழக்கவில்லை என்று அது காட்டியது. ஆகவே பிரிட்ஜ் இல்லையென்று புதிய முறையை மறுக்க வேண்டியதில்லை. பெரிய மண்சட்டிக்குள் சிறிய சட்டியை வைத்து, இடையில் ஈர மணலை நிரப்பி, நிழலில் வைத்து, குப்பியைப் பொலித்தீனில் சுற்றி உள்ளே வையுங்கள். வெயிலும் ஐஸ்கட்டியும் இரண்டுமே கூடாது. திறந்த திகதியைக் குப்பியில் எழுதி, நாலு கிழமையில் மாற்றுங்கள்.

2022 ஆம் ஆண்டில் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்ததை நாம் மறக்கவில்லை. அப்படி ஒரு நாள் உங்கள் புதிய இன்சுலின் கிடைக்காமல் போனால், ஊசியில்லாமல் இருந்துவிடாதீர்கள். கொப்பியோடு கிடைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே உள்ள இன்சுலினுக்குரிய அளவைக் கேட்டு வாங்குங்கள். அதுவும் ஒரு முறை மாற்றமே. அப்போதும் பழைய எண்ணைக் கொண்டு போடக்கூடாது.

கிளினிக்கில் கேட்க வேண்டிய கேள்விகள்

புதிய முறைக்கு மாறும் நாளில் வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போங்கள். இந்தக் கேள்விகளுக்கு விடை பெற்று எழுதிக்கொள்ளாமல் திரும்பாதீர்கள்.

1. ஒவ்வொரு குப்பியின் பெயர் என்ன, எந்த நேரத்துக்கு எத்தனை அலகு?

2. பழைய இன்சுலினின் கடைசி ஊசி எப்போது, புதியதின் முதல் ஊசி எப்போது?

3. ஒரு வேளை உணவு கிடைக்காவிட்டால் எந்த ஊசியை விடலாம், எதை விடக்கூடாது?

4. எந்த எண்ணுக்குக் கீழே அல்லது மேலே போனால் உடனே வர வேண்டும்?

5. அடுத்ததாகக் கொப்பியைக் கொண்டுவரும் நாள் எது?

முப்பது வருடம் தன் வருத்தத்தைத் தானே பார்த்து வந்தவருக்கு, எந்த வேலை தன்னைக் களைக்க வைக்கும், எந்த உணவு சீனியை ஏற்றும் என்பது நன்றாகத் தெரியும். அந்த அறிவு புதிய முறையிலும் பயன்படும். அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். விட்டுவிட வேண்டியது பழைய அலகு எண் ஒன்றை மட்டுமே.